ஒசாகாவிலும் பம்பாயிலும் ஒரே இயந்திரம்தான்

கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருப்பது இது: "ஜப்பானும் இந்தியாவும் 19ஆம் நூற்றாண்டில் ஒரே இங்கிலாந்துக் கம்பெனியிடம் நூற்பு இயந்திரம் வாங்கியிருக்கின்றன. பம்பாயில்தான் மில் முதலில் வந்தது. அப்படியிருக்க, ஜப்பான் மட்டும் தொழில் நாடாக மாறியது எந்தக் கண்டுபிடிப்பால்?" மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு கண்டுபிடிப்பின் பெயரைக் கேட்பதுபோல இருக்கிறது. உள்ளே இருப்பது வேறு கேள்வி. காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கிற இயந்திரம், ஓரிடத்தில் நாட்டின் பொருளாதாரத்தையே புரட்டிப்போட்டு, இன்னோரிடத்தில் ஏன் அந்த அளவுக்குப் புரட்டவில்லை என்பதுதான் அது.

நான் கோவைப் பக்கம் நூற்பாலைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து, ஸ்பின்னிங் மாஸ்டராக ஓய்வு பெற்றவன். ஜப்பானிய மொழி தெரியாது. ஆங்கிலத்தில் வந்த வரலாற்று நூல்களைப் படித்ததும், ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பழகியதும்தான் என் தகுதி. அதனால் பட்டு, பஞ்சு, நூல் என்ற இடத்தில் நின்றுகொண்டே பதில் சொல்கிறேன். இரும்பையும் கப்பலையும் போகிறபோக்கில் தொட்டுவிட்டுப் போவேன்.

முதலில் ஒரு தவறான பதிலை ஒதுக்கிவிடலாம். "ஜப்பான் இறக்குமதி வரி போட்டுத் தன் தொழிலைக் காப்பாற்றிக்கொண்டது" என்று பலர் சொல்வார்கள். அந்த நூற்றாண்டுக்கு அது பொருந்தாது. 1858இல் மேற்கத்திய நாடுகளோடு கையெழுத்திட்ட ஒப்பந்தங்களும், 1866இல் செய்த திருத்தமும் ஜப்பானின் இறக்குமதி வரியை ஏறக்குறைய 5 சதவீதத்தில் கட்டிப்போட்டுவிட்டன. வரியைத் தானே முழுமையாகத் தீர்மானிக்கும் உரிமை 1911இல்தான் திரும்பக் கிடைத்தது. 1859இல் யோகோஹாமா துறைமுகம் திறந்ததுமே இங்கிலாந்து நூலும், பிறகு பம்பாய் நூலும் வெள்ளமாக வந்தன. தடுக்க வழியில்லாத நிலையில்தான் அவர்கள் ஆரம்பித்தார்கள்.

அந்த நேரத்தில் ஓர் அதிர்ஷ்டமும் அடித்தது. 1850களிலும் 60களிலும் பிரான்ஸ், இத்தாலி பட்டுப்புழுக்களுக்கு பெப்ரின் என்ற நோய் பரவி, ஐரோப்பியப் பட்டுத் தொழில் படுத்துவிட்டது. நோயில்லாத பட்டுப்புழு முட்டைகளையும் கச்சாப் பட்டையும் தேடி வியாபாரிகள் யோகோஹாமாவுக்கு ஓடிவந்தார்கள். அடுத்த 30, 40 வருஷங்களுக்கு ஜப்பானின் ஏற்றுமதி வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கச்சாப் பட்டிலிருந்துதான் வந்தது. இயந்திரம், தண்டவாளம், வெளிநாட்டு இன்ஜினியர்களின் சம்பளம் எல்லாவற்றுக்கும் அந்நியச் செலாவணி கொடுத்தது பட்டுப்புழு என்றால் மிகையில்லை.

ஆனால் வீட்டில் கையால் சுற்றிய பட்டு சீராக இல்லை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பட்டுக்கூட்டைச் சுடுதண்ணீரில் போட்டு நுனியைத் தேடி எடுத்து, பல கூடுகளின் இழைகளைச் சேர்த்து ஒரே நூலாகச் சுற்றுவார்கள். ஒரு கூடு தீர்ந்ததும் அடுத்த கூட்டின் நுனியை உடனே சேர்க்க வேண்டும். ஒரு நிமிஷம் கவனம் தப்பினால் அந்த இடத்தில் நூல் மெலியும். கைத்தறி நெசவாளி அதைச் சமாளித்துவிடுவார். வேகமாக ஓடுகிற விசைத்தறி சமாளிக்காது, அறுக்கும். 1880களிலிருந்து ஜப்பான் பட்டை அதிகம் வாங்கிய அமெரிக்க நெசவாலைகள் கேட்டது அந்தச் சீரைத்தான்.

அரசாங்கம் 1872இல் டொமியோகாவில் ஒரு மாதிரி ஆலை கட்டியது. பால் ப்ரூனா என்ற பிரெஞ்சுக்காரர் பொறுப்பு, 300 சுற்றும் தொட்டிகள், நீராவி இன்ஜின். செங்கல் என்றால் என்னவென்றே தெரியாத ஊரில், கூரை ஓடு சுடுகிறவர்களைக் கூப்பிட்டுச் செங்கல் சுட வைத்தார்கள். வேலைக்குப் பெண்கள் வரவில்லை. வெள்ளைக்காரர்கள் சிவப்பாக எதையோ குடிக்கிறார்கள், அது பெண்களின் ரத்தம் என்று வதந்தி. ஒயின்தான்! கடைசியில் ஆலையின் தலைவர் ஒடாகா அட்சுடாடா தன் மகளையே முதல் ஆளாகச் சேர்த்துவிட்டார். பிறகு பெரிய குடும்பத்துப் பெண்கள் பலரும் வந்து கற்றுக்கொண்டு, சொந்த ஊருக்குப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆலை பெரிதாக லாபம் பார்க்கவில்லை. 1893இல் மிட்சுயி குழுமத்துக்கு விற்றுவிட்டார்கள்.

என் கண்ணுக்கு டொமியோகாவைவிட முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடு ஜப்பானில் சுவா ஏரிப் பக்கம் நடந்தது. டொமியோகாவைப் பார்த்துவந்த உள்ளூர்க்காரர்கள் அப்படியே நகல் எடுக்கவில்லை. அவ்வளவு பணம் அவர்களிடம் இல்லை. இரும்புச் சட்டத்துக்குப் பதில் மரச்சட்டம், உலோகத் தொட்டிக்குப் பதில் மண்பாண்டத் தொட்டி, நீராவி இன்ஜினுக்குப் பதில் ஓடைத் தண்ணீரில் சுழலும் சக்கரம். பிரெஞ்சு முறையில் கொஞ்சம், இத்தாலிய முறையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். நூலின் சீருக்கு எது அவசியமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிட்டார்கள். ஒரு இயந்திரத்தில் எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது என்று தெரிவது சின்ன விஷயமில்லை. நீங்கள் கேட்ட "கண்டுபிடிப்பு" என் கணக்கில் இங்கேதான் இருக்கிறது.

பஞ்சிலும் இதே கதைதான், ஒரு சோகத்தோடு. கௌன் டோகிமுனே என்ற முன்னாள் பௌத்தத் துறவி ஒரு நூற்பு இயந்திரம் செய்தார். நிறுத்திவைத்த தகரக் குழாய்களில் பஞ்சைத் திணித்து, குழாய் சுழலும்போது மேலிருந்து இழையை இழுக்கிற அமைப்பு. இழை தடித்தால் இழுப்பு கூடி, குழாய் மேலே எழும்பி, முறுக்கு நின்றுவிடும். இழை மெலிந்ததும் குழாய் கீழே இறங்கி மறுபடி சுழலும். தானே தன்னைத் திருத்திக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை வரைபடத்தில் முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவ்வளவு எளிமை. கரகரவென்று போடும் சத்தத்தால் "கராபோ" என்று பெயர். 1877இல் டோக்கியோவில் நடந்த முதல் தேசியத் தொழில் கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. மிகாவா பகுதியில் ஆற்றில் படகுகளைக் கட்டி, அதில் நீர்ச்சக்கரம் வைத்துக்கூட ஓட்டினார்கள். ஆனால் காப்புரிமைச் சட்டம் 1885இல்தான் வந்தது. அதற்குள் ஊரெல்லாம் நகல். டோகிமுனே வறுமையில் இறந்தார்.

கராபோவில் முரட்டு நூல்தான் வரும். பம்பாய் நூலோடு போட்டி போட முடியாது. அரசாங்கம் 2,000 கதிர் (ஸ்பிண்டில், அதாவது நூலை முறுக்கிச் சுற்றும் தண்டு) கொண்ட இங்கிலாந்து இயந்திரங்களை வரவழைத்துத் தவணையில் கொடுத்துப் பார்த்தது. அவையும் தள்ளாடின. 2,000 கதிர் என்பது மேஸ்திரி சம்பளத்துக்கே கட்டாது. பெரும்பாலும் தண்ணீர் விசையை நம்பியிருந்ததால், நீரோட்டம் இருக்கிற மலையடிவாரத்தில் மில்லைக் கட்டிவிட்டு, பஞ்சையும் நூலையும் அங்கும் இங்கும் சுமக்க வேண்டியிருந்தது.

திருப்பம் 1883இல் ஓட ஆரம்பித்த ஒசாகா மில். ஷிபுசாவா எயிச்சி என்ற தொழிலதிபர் முன்நின்று பங்கு திரட்டினார். வேறு படிப்புக்காக லண்டன் போயிருந்த யமனோபே டகேவோ என்ற இளைஞருக்குக் கடிதம் எழுதி, நூற்பு படிக்கச் சொன்னார். அவர் பிளாக்பர்னில் ஒரு மில்லில் பணம் கட்டி உள்ளே நுழைந்து வேலை கற்றார். 10,500 கதிர், நீராவி, நகரத்திலேயே ஆலை. இன்னொன்றும் செய்தார்கள்: இரவும் பகலும் ஓட்டினார்கள். கடன் வாங்கி வாங்கிய இயந்திரம் ராத்திரி சும்மா நின்றால் வட்டி மட்டும் ஓடும் என்ற கணக்கு. முதலில் எண்ணெய் விளக்கு. பஞ்சு பறக்கிற இடத்தில் எண்ணெய் விளக்கு என்றால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. 1886இல் மின்விளக்கு போட்டார்கள்.

ஒசாகா மில் தொடங்கியது மியூல் இயந்திரத்தில். சில வருஷங்களில் ஜப்பான் மில்கள் கூட்டமாக ரிங் பக்கம் திரும்பின. மில் தெரியாதவர்களுக்கு இது என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். மியூலில் கதிர்கள் இருக்கும் வண்டி ஐந்தடி தூரம் வெளியே வந்து இழுத்து முறுக்கும், பிறகு உள்ளே போய்ச் சுற்றும். வந்து போய் வந்து போய் வேலை. அதை ஓட்டப் பல வருஷம் பழகிய ஆள் வேண்டும். இங்கிலாந்தின் பஞ்சாலைப் பகுதியான லங்காஷயரில் அவர்கள் தனி ஜாதி மாதிரி, சங்கமும் பலமானது. ரிங்கில் நூற்பதும் சுற்றுவதும் ஒரே நேரத்தில், நிற்காமல் நடக்கும். கதிரைச் சுற்றியுள்ள வளையத்தில் ஓடும் டிராவலர் என்ற குட்டிக் கம்பித் துண்டுதான் வேலையெல்லாம் செய்கிறது. அறுந்த இழையைச் சேர்ப்பதையும் டாஃபிங் எடுப்பதையும் (நூல் நிறைந்த குழலான பாபினைக் கழற்றி வெறும் பாபினை மாட்டுவது) புதிய ஆளுக்குச் சில வாரங்களில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

ஆனால் ரிங்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: நூலை அதிகம் இழுக்கும். குட்டை இழைப் பஞ்சை மட்டும் போட்டால் அறுத்துத் தள்ளும். எங்கள் மில்லில் ஒருமுறை, விலை குறைவு என்று சொல்லி மிக்சிங்கில், அதாவது பஞ்சுக் கலவையில், ஒரு ரகத்தைக் கூட்டினார்கள். மறுநாள் காலை ஷிஃப்டில் சைடர்கள் (ஃபிரேமைக் கவனிக்கும் தொழிலாளர்கள்) ஓடி ஓடி இழை சேர்த்தும் பாதி பாபின் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று நாள் உற்பத்தி போன பிறகுதான் பழைய மிக்சிங்குக்குத் திரும்பினோம். ஜப்பான் மில்கள் இந்தச் சிக்கலைக் கலவையிலேயே தீர்த்தன. இந்தியக் குட்டைப் பஞ்சு மலிவு. அதோடு அமெரிக்க நீள இழையை அளவாகச் சேர்த்து, 16, 20 கவுண்ட் (எண் குறைந்தால் நூல் தடிமன்) முரட்டு நூலுக்குப் போதுமான வலுவைக் கொண்டுவந்தார்கள். ரிங், பல நாட்டுப் பஞ்சின் கலவை, இரவு ஷிஃப்ட் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. ஒன்றை மட்டும் எடுத்தால் கணக்கு இடிக்கும்.

இந்தியப் பஞ்சு அங்கே போக மலிவான கப்பல் வேண்டுமல்லவா? பம்பாய்த் தடம் பிரிட்டிஷ் கம்பெனியான பி அண்ட் ஓ முதலிய கப்பல் கம்பெனிகளின் கையில் இருந்தது. 1893இல் ஜாம்ஷெட்ஜி டாடா ஜப்பான் போய்ப் பேசினார் (அந்தப் பயணத்தில்தான் யோகோஹாமாவிலிருந்து கிளம்பிய கப்பலில் விவேகானந்தரோடு போனார்). அதே வருஷம் ஜப்பானின் என்.ஒய்.கே. கம்பெனி பம்பாய்க்குக் கப்பல் விட்டது. போட்டிக் கம்பெனிகள் கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கின. ஆனால் ஜப்பான் மில்கள் சங்கமாகச் சேர்ந்து, "எங்கள் பஞ்சு என்.ஒய்.கே.யில்தான் ஏறும்" என்று நின்றன. இந்தச் சங்கம் மில்களின் உற்பத்தி விவரங்களை மாதா மாதம் அச்சடித்து எல்லா மில்லுக்கும் அனுப்பியது. பக்கத்து மில்லின் கதிர் ஒன்றுக்கு எவ்வளவு உற்பத்தி என்று தெரிந்தால் எந்த மாஸ்டருக்கும் தூக்கம் வராது. கோவையில் அந்த வேலையைத் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா செய்தது 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்.

1893இல் இன்னொன்றும் நடந்தது. உலகச் சந்தையில் வெள்ளி விலை விழுந்துகொண்டிருந்தபோது, இந்திய அரசு தன் நாணயச் சாலைகளில் பொதுமக்களின் வெள்ளியை வாங்கி நாணயம் அடிப்பதை நிறுத்தியது. ரூபாய் வெள்ளியோடு சேர்ந்து விழாமல் நின்றது. சீனா வெள்ளியில் வாங்குகிற நாடு. ஜப்பானும் 1897 வரை வெள்ளியில்தான் இருந்தது. சீனச் சந்தையில் பம்பாய் நூல் திடீரென விலை கூடியதாகத் தெரிந்தது, ஒசாகா நூலுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜப்பான் 1894இல் நூல் மீதான ஏற்றுமதி வரியையும், 1896இல் கச்சாப் பஞ்சு மீதான இறக்குமதி வரியையும் எடுத்தது. 1897இல் ஜப்பானின் நூல் ஏற்றுமதி இறக்குமதியைத் தாண்டியது. 1900 வாக்கில் ஜப்பானில் இருந்த கதிர்கள் பத்து லட்சத்துக்குச் சற்று அதிகம்; இந்தியாவில் ஏறக்குறைய 50 லட்சம். கதிர் எண்ணிக்கையை வைத்து யார் முந்தினார்கள் என்று பார்த்தால் தப்பான விடை வரும்.

இதற்கெல்லாம் மூலதனம் எங்கிருந்து? 1873 நிலவரிச் சீர்திருத்தம் நிலத்தின் மதிப்பில் 3 சதவீதத்தைப் பணமாகக் கட்டச் சொன்னது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் கட்ட வேண்டும். விவசாயிகள் மூங்கில் ஈட்டியோடு எழுந்த பிறகு 1877இல் இரண்டரையாகக் குறைத்தார்கள். 1881இல் நிதியமைச்சரான மட்சுகட்டா மசயோஷி புழக்கத்தில் இருந்த காகிதப் பணத்தைச் சுருக்கினார். அரிசி விலை பாதியளவுக்கு விழுந்தது, வரி மட்டும் அப்படியே நின்றது. நிலத்தை இழந்தவர்கள் ஏராளம். 1884இல் சிச்சிபு மலைப்பகுதியில் பட்டுப்புழு வளர்த்த விவசாயிகள் கடன்காரர் வீடுகளில் புகுந்து பத்திரங்களைக் கொளுத்தினார்கள். ராணுவம் வந்து அடக்கியது. 1882இல் ஜப்பான் வங்கி, நிலையான நாணயம், நஷ்டத்தில் ஓடிய அரசு ஆலைகளைத் தனியாருக்கு விற்றது எல்லாம் அதே மட்சுகட்டா காலத்தின் மறுபக்கம்.

இரவு ஷிஃப்டில் நின்றவர்கள் யார் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. கிராமத்துப் பெண்பிள்ளைகள். அப்பாவுக்கு முன்பணம் கொடுத்து ஒப்பந்தம், பூட்டிய விடுதி, 12 மணி நேர ஷிஃப்ட், மாறி மாறி இரவும் பகலும். ஒருத்தி எழுந்துபோன படுக்கையில் சூடு ஆறுவதற்குள் அடுத்தவள் வந்து படுப்பாள். ஊர் திரும்பிய பலர் காசநோயையும் கூடவே கொண்டுபோனார்கள். 1903இல் அரசே எடுத்த ஆய்வில் இவையெல்லாம் பதிவாகியிருக்கின்றன. தொழிற்சாலைச் சட்டம் 1911இல் நிறைவேறி 1916இல் அமலானது. பெண்களின் இரவு வேலை நின்றது 1929இல். கேள்வியில் "கண்டுபிடிப்பு" என்று கேட்டீர்கள். ரிங் ஃபிரேமை அவ்வளவு லாபகரமாக்கியது இந்தக் கூலிதான்.

இதுவரை சொன்ன தேதிகளிலும் சம்பவங்களிலும் பெரிய சர்ச்சை கிடையாது. சர்ச்சை எடை போடுவதில்தான். அரசின் மாதிரி ஆலைகள் வீண்செலவு, தனியார்தான் சாதித்தார்கள் என்று ஒரு கட்சி. அவை இல்லாவிட்டால் கற்றுக்கொண்டவர்களே இருந்திருக்க மாட்டார்கள் என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது பக்கம் சாய்வு உண்டு, டொமியோகாவிலிருந்து ஊர் திரும்பிய பெண்களை நினைத்து. 1895இல் சீனாவிடம் வாங்கிய போர் இழப்பீடு, அதில் ஒரு பங்கு போய்ச் சேர்ந்த யவாடா இரும்பாலை (1901), தங்க நாணய முறை ஆகியவற்றுக்கு எவ்வளவு பங்கு என்பதிலும் ஒத்த கருத்தில்லை. 1868இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சிக்கு முன்பே இருந்த எழுத்தறிவும், கிராமத்துக் கைத்தொழிலும்தான் உண்மையான அஸ்திவாரம் என்று சொல்கிறவர்களை என்னால் மறுக்க முடியவில்லை. "நாடே மாறிவிட்டது" என்பதையும் கொஞ்சம் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 1900இலும் உழைப்பவர்களில் பெரும்பாலோர் வயலில்தான் இருந்தார்கள்.

பம்பாய் பற்றி: அங்கே திறமை இல்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ரிங்கை ஆரம்பத்திலேயே சோதித்துப் பார்த்ததில் நாக்பூரில் டாடாவின் எம்ப்ரஸ் மில்லும் உண்டு. ஆனால் பம்பாயில் மில்லை நடத்திக்கொடுக்கும் பல மேனேஜிங் ஏஜென்ட்டுகளுக்கு லாபத்தில் பங்கு இல்லாமல், உற்பத்தியான நூலில் பவுண்டுக்குக் கால் அணா என்று கமிஷன் இருந்தது. நூல் குவிந்தால் போதும், விற்றதா என்பது அடுத்த கேள்வி. 1896இல் பிளேக் வந்து தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அதே வருஷம் மில் துணி மீது மூன்றரை சதவீத கலால் வரி, லங்காஷயர் மனம் கோணக் கூடாது என்று. நாணயம், வரி இரண்டையும் தீர்மானித்தது லண்டன். இறக்குமதி வரி விஷயத்தில் ஜப்பானின் கையும் கட்டப்பட்டிருந்தது உண்மைதான்; மற்ற கட்டுகளை அவிழ்க்க அவர்களுக்கென்று ஓர் அரசு இருந்தது.

அந்த அரசும் எல்லோருக்காகவும் அவிழ்க்கவில்லை. ஒசாகாவை ஒட்டியிருக்கும் கவாச்சிப் பகுதி தலைமுறை தலைமுறையாகப் பருத்தி விளைந்த மண். கவாச்சித் துணிக்கு நாடெங்கும் பெயர். அந்தப் பருத்தி இழை குட்டை, தடிமன். கராபோவுக்கு ஒத்துவந்தது, ரிங்குக்கு ஒத்துவரவில்லை. மில்காரர்கள் கேட்டபடி 1896இல் கச்சாப் பஞ்சு மீதான வரி போனது. கொஞ்ச காலத்தில் மில் புகைபோக்கி தெரிகிற தூரத்தில் இருந்த வயல்களில் பருத்தியே இல்லை.